நாலாயிரத்து அறுநூறு ரூபாய் இருட்டு

ராமநாதபுரம் அரண்மனை வாசல் பக்கம்
பைகளும் மழைக்கோட்டும் விற்கிற கடையில்
கூடாரங்களை விரித்துக் காட்டச் சொன்னேன்.
நெய்னா முகம்மது சலிக்காமல் விரித்தார்.
பள்ளிக்கூடப் பைகள் ஒதுங்கி வழிவிட்டன.

நிறம் கேட்கவில்லை,
எத்தனை பேர் படுக்கலாம் என்று கேட்கவில்லை.
உள்ளே போய் ஜிப்பை இழுத்துவிட்டு
"வெளிய இருந்து டார்ச் அடிங்க பாய்" என்றேன்.

முதல் கூடாரத்தில் அவர் விரல் தெரிந்தது,
மோதிரத்தோடு.
இரண்டாவதில் தையல் வழியே
வெளிச்சம் ஊசி ஊசியாய் இறங்கியது.
மூன்றாவதில்
மூக்குக்கு முன்னால் பிடித்த கை
என்னுடையதுதானா என்று
வளையலை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

"உள்பக்கம் கறுப்புப் பூச்சும்மா.
தினம் ஒரே மடிப்புல மடிக்காதீங்க.
பூச்சு வெடிச்சா வானம் தெரியும்.
பகல்ல தூங்கத்தானே?"
ஆமா என்றேன்.
பாதி உண்மை சொல்லிவிட்டு
முழுசாய்ப் பேரம் பேச மனசு வரவில்லை.

மூக்கையூருக்கு மேற்கே
படகு ஏற்றாத மணலில் முளை நிற்காது.
அடித்தால் விழுங்கும், இழுத்தால் கக்கும்.
உரச்சாக்கில் மணல் கட்டி
நாலு மூலையிலும் முழங்கை ஆழம் புதைத்தோம்,
நானும் கித்தேரியானும்.
ஆமைக் காவலில் எனக்குக் கூட்டாளி அவன்,
முடிச்சில் மட்டும் யார் பேச்சும் கேட்கமாட்டான்.
"வாசல் கடலப் பாக்க வேணாம்.
சோழகம் உள்ள பூந்தா பலூனாயிரும்."
கரையைப் பார்க்க வைத்தோம்.

காலை ஆறரைக்கு வந்து படுத்தால்
உள்ளே நடுச்சாமம்.
எட்டரைக்கு வெக்கை ஆளைக் கண்டுபிடித்துவிடும்.
கறுப்பு நிறுத்துவது வெளிச்சத்தை, வெயிலை அல்ல.
இதை அவரும் சொல்லவில்லை, அட்டையிலும் இல்லை.
சாக்குகளைத் தோண்டியெடுத்து
உடைமரத்தடிக்கு மாற்றினோம்.
அடிக் காற்றுப்பொந்தைத் தெற்கே திறந்துவிட்டபின்
பத்தரைவரை தூக்கம்.
முள் ஒன்று தைத்தது, துணியில் அல்ல,
என் குதிகாலில்.

போன பங்குனியில் என்னிடம் இருந்தது
மஞ்சள் கூடாரம்.
பதிவேடு எழுத விளக்குப் போட்டால்
கடற்கரை முழுக்கத் தெரியும் ஒரு எலுமிச்சம்பழம்.
அன்றிரவு வேலிக்கு வெளியே
நாங்கள் எண்ணாமல் விட்ட கூடு ஒன்று வெடித்தது.
வெளிச்சமாய் இருந்தால் கடல் என்பது
குஞ்சுகளுக்குத் தெரிந்த ஒரே பாடம்.
துணியைச் சுரண்டின.
நண்டு என்று நினைத்து
நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

விடிந்து எண்ணினேன். நாற்பத்தொன்று.
காகங்கள் எனக்கு முன்பே
எண்ணத் தொடங்கியிருந்தன.

நெய்னா முகம்மதிடம் சொல்லாத
மறுபாதி இது.

நேற்று ராத்திரி பதினொன்றே காலுக்கு
உள்ளே விளக்கு, மடியில் பதிவேடு.
வெளியே கித்தேரியான்,
சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு.
மூன்றாம் கூட்டின் மணல் குழிந்தது என்றான்,
கொதிக்கிற உலைபோல் அசைந்தது என்றான்,
வேலியைத் தூக்கிவிட்டான்.
இறங்கின.
அலையின் மங்கல் வெள்ளையை நோக்கி
ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு.

பிறகு என் பெயரைச் சொல்லி அதட்டினான்.
"விளக்கு!"

கடையில் வெளியே இருந்து உள்ளே பார்த்தேன்,
உள்ளே இருந்து வெளியே பார்க்கத் தோன்றவில்லை.
ஜிப்பின் ஓரம், பல்லும் பல்லும் சேராத இடத்தில்
ஒரு நூல் வெளிச்சம்
மணலில் கோடு கிழித்துக் கிடந்தது,
கரைப் பக்கமாய்.
அந்தக் கோட்டின் மேல் இரண்டு,
பாதை கிடைத்த மாதிரி அவசரமாய்.

அணைத்தேன்.
இருட்டில் அவை நின்றன.
நானும் நின்றேன்.
மூன்று பேருக்கும்
கொஞ்ச நேரம் திசை இல்லை.

பிறகு ஒன்று திரும்பியது.
மற்றதை வேலிக்கு இப்பால் எடுத்து வைத்து
கடல் முகமாய்த் திருப்பிவிட்டோம்.
தண்ணீர் தொட்ட இடத்தில்
அது பின்னால் பார்க்கவில்லை.

ஜிப்பில் கித்தேரியானின் தலைத்துண்டைத் திணித்து
மறுபடி விளக்குப் போட்டு எழுதினேன்:
மூன்றாம் கூடு. வெளிவந்தவை எண்பத்தேழு.
கடல் சேர்ந்தவை எண்பத்தேழு.
அடுத்த கட்டத்தில், குறிப்பு என்ற இடத்தில்,
என்ன எழுதுவதென்று தெரியாமல்
துண்டு என்று எழுதி அடித்தேன்.

வெளியே அவன் கேட்டான்,
"உள்ளதான் இருக்கியா?"
நல்ல கேள்வி.